பொட்டு வைத்த பெட்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது என்னோடு ஒரே ஜீப்பில் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை போய் வந்த எல்லோருக்கும் தெரியும். அந்த நெரிசலில் பேசாமல் வேறு என்ன செய்வது?

எந்தக் கேபிளுக்கு எந்த செட்டிங் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, உங்கள் போனிலேயே இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. அன்று ஒரு டாக்டர் என்னைப் பார்த்து "நம்பலாமா?" என்று கேட்டார். நம் வேலையில் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான்.

வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் "கேபிள் வேலை" என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். என் அண்ணி பல வருடம் நான் வீடு வீடாக டிவி கனெக்‌ஷன் கொடுப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கடைசியில் இப்படிச் சொன்னேன். கேமரா எடுக்கிற படம் கம்பிக்குள் கோடிக்கணக்கான ஒன்றும் பூஜ்யமுமாக, ஒன்றன்பின் ஒன்றாக, தலைதெறிக்க ஓடுகிறது. தூரம் கூடக்கூட அதன் ஓரங்கள் மழுங்கிப்போகும். எது ஒன்று, எது பூஜ்யம் என்று அடுத்த முனைக்குத் தெரியாது. அதனால் நடுவில் ரிப்பீட்டர் பெட்டி வைத்து, மழுங்கினதைத் தூக்கிவிடுகிறோம். எவ்வளவு தூக்க வேண்டும் என்பதைத்தான் பெட்டியில் உள்ள சின்னத் திருகு தீர்மானிக்கிறது. அதை நாம் பூஸ்ட் என்கிறோம். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் எங்கள் வீட்டு டிவியையும் பார்த்துவிட்டுப் போ என்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுசீந்திரம் பக்கம் வயலை ஒட்டி ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பழைய கட்டிடத்தில் இருக்கும் கூட்ட அறை வரை நாங்கள் ஒரு வீடியோ கேபிள் போட்டிருந்தோம். வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்கிற ஆபரேஷனைப் பயிற்சி டாக்டர்கள் கூட்ட அறையில் உட்கார்ந்து பார்ப்பதற்காகப் போட்டது. முற்றத்தைத் தாண்டி, மாடிப்படி இறங்கிப் போகிற நீளமான ஓட்டம். வழியில் மூன்று ரிப்பீட்டர் பெட்டிகள். முதல் பெட்டி தியேட்டர் சுவருக்கு வெளியே, இரண்டாவது மாடிப்படியில், மூன்றாவது கூட்ட அறையில்.

அந்த மருத்துவமனையின் பெரிய டாக்டரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு இருந்தார். நிற்க முடியாது. அந்தச் சமயம் பார்த்துத் தங்கம்மை என்று ஒரு அம்மாள் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். பித்தப்பை பழுத்து, காய்ச்சலும் வாந்தியும். உடம்பில் சர்க்கரை வேறு. வயிற்றைப் பெரிதாகக் கிழித்துச் செய்தால் ஆறுவது கஷ்டம். திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம், ஆனால் அந்த நிலைமையில் ஆம்புலன்ஸில் வைத்துக் களியக்காவிளை தாண்டி அனுப்ப டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. அங்கே ஒரு இளம் டாக்டர் இருந்தார். நல்ல கைக்காரர்தான். ஆனால் இவ்வளவு மோசமாகிப்போன பித்தப்பையைத் தனியாகச் செய்ததில்லை. எனவே டாக்டரம்மா ஒரு முடிவு எடுத்தார். இளம் டாக்டர் தியேட்டரில் செய்யட்டும். தான் கூட்ட அறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் போனில் வழி சொல்லலாம். அதற்குக் கேபிள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். எனக்குப் போன் வந்தது.

தூரத்தில் மழுங்காத கண்ணாடி இழைக் கேபிள் போட்டிருக்கலாமே என்று உங்களில் சூட்டிகையான யாராவது இப்போது கேட்பீர்கள். போட்டிருக்கலாம். ஆர்டரும் கொடுத்திருந்தார்கள். அது வந்து சேரும் வரை பித்தப்பை பொறுத்திருக்க வேண்டுமே.

காலையில் நான் போய் இறங்கியபோது தங்கம்மையின் மகள் வராந்தாவில் நின்றாள். மார்த்தாண்டத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், படம் தெரிந்தால்தான் ஆபரேஷன் என்று. என் கையில் கருவிப் பையைப் பார்த்ததும் கிட்டே வந்து என் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

கேமராவைப் போட்டுப் பார்த்தோம். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மருத்துவமனையின் பராமரிப்பு வேலைகளைப் பார்க்கும் சிவதாணு கையைத் தட்டினார். மதியம் வைத்துக்கொள்ளலாமா என்று இளம் டாக்டர் கேட்டார். நான் தியேட்டர் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, கூட்ட அறையில் படம் எப்போதாவது போயிருக்கிறதா என்று விசாரித்தேன். தியேட்டரைப் புதுப்பித்த பிறகு சில தடவை கறுத்துப்போனதாகப் பயிற்சி டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்களாம். உள்ளே இருக்கிற திரை நன்றாகத்தான் இருக்குமாம். வகுப்புதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நேரத்தில் கறுக்கும் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, காட்டரி போடும்போது என்றாள்.

காட்டரி என்பது ரத்தம் வராமல் மின்சாரத்தால் சுட்டு வெட்டுகிற கருவி. டாக்டர் காலால் ஒரு மிதியை அழுத்தினால் வேலை செய்யும். பக்கத்தில் ஓடுகிற கம்பிகளிலெல்லாம் இரைச்சலைக் கிளப்பிவிடும். நாங்கள் காலையில் சோதித்தது காட்டரி இல்லாத படத்தை. கல்யாண வீட்டில் ஆள் வருவதற்கு முன்னால் மைக்கைச் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான்.

காட்டரியைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். சுடுவதற்கு ஏதாவது வேண்டும், ஈரமான இறைச்சித் துண்டு நல்லது என்றார் இளம் டாக்டர். சிவதாணுவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்த மருத்துவமனைக் காம்பவுண்டுக்குள் முட்டைகூட வராது, கான்டீன் சுத்த சைவம். அவர் டாக்டரம்மாவிடம் ஓடினார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, கான்டீனில் வாழைத்தண்டு இருக்கும், அதில் ஈரம் இருக்கிறது, அது போதும் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்குப் பொரியலுக்கு வைத்திருந்த தண்டில் பாதி தியேட்டருக்கு வந்தது. நோயாளிக்கு அடியில் வைக்கிற காட்டரித் தகட்டின் மேல் அதை வைத்து இளம் டாக்டர் மிதியை அழுத்தினார். தண்டு புகைந்தது. நான் போனைக் காதில் வைத்தபடி கூட்ட அறைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் கறுத்தது. மிதியை விட்டதும் வந்தது. மறுபடி அழுத்தியதும் மறுபடி கறுத்தது.

டாக்டரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரும் பார்த்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் உங்கள் கை தானாக எங்கே போகும் தெரியுமா? கடைசிப் பெட்டியின் திருகுக்கு. போய், பூஸ்டைக் கூட்டும். என் கையும் போனது. ஆனால் அது ஏற்கெனவே ஏறக்குறைய உச்சியில் நின்றது. மாடிப்படிப் பெட்டியும் அப்படியே. நம் ஆட்கள் ஒவ்வொரு தடவை வந்தபோதும் ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரிப்பீட்டருக்குப் படம் எது, இரைச்சல் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் தூக்கும். அடுத்த பெட்டி அதை இன்னும் தூக்கும். சமையல் கட்டில் போகிறவர் வருகிறவர் எல்லாம் குழம்பில் உப்புப் போட்டால் என்ன ஆகும், அதுதான் ஆகும்.

அப்படியானால் முதல் பெட்டி? போய்ப் பார்த்தேன். அதன் திருகு இருந்த இடத்தில் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் சிவதாணு எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைப்பார். ஸ்கேன் மெஷின், ஜெனரேட்டர், லிஃப்ட் என்று எதையும் விடமாட்டார். பெட்டி சின்னது, பொட்டு பெரியது, திருகு அடியில் போய்விட்டது. வருடா வருடம் வைத்து வைத்து அது கட்டியாக உறைந்திருந்தது. நம் ஆட்கள் வந்து வந்து மற்ற இரண்டு பெட்டிகளையும் திருகியதற்குக் காரணம் இப்போது புரிந்தது. பொட்டைச் சுரண்ட ஒருவருக்கும் கை வரவில்லை.

போதாக்குறைக்கு அந்தப் பெட்டியை முதலில் செட் செய்தவர் யார் என்றால், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் எல்லோரிலும் கெட்டிக்காரர். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், அதனால் சொல்லவில்லை. பிறகு மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அவர் வைத்த செட்டிங் என்றால் எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு பொட்டு வேறு. அவரே வைத்ததாக்கும், அதில் தப்பிருக்காது என்று அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவோம். மரியாதைதான். மரியாதை வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் அது ஒரு ஆளுக்குக் காட்ட வேண்டியது, திருகுக்கு இல்லை.

சுரண்டலாம் என்று சிவதாணுவிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். பூஜை போட்ட பொருள், அதுவும் ஆபரேஷன் நாள், பொட்டை அழித்துவிட்டு அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இழுத்தார். எனக்கும் தயக்கமாக இருந்தது. நான் கருங்கல் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் நிற்கிறவள். நான் போய் இன்னொருவர் வைத்த பொட்டில் ஸ்குரூ டிரைவரை வைத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். அந்த நிமிடம் எனக்குத் திருகை விட இதுதான் பெரிய பிரச்சினையாகத் தெரிந்தது.

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். கேமராவிலிருந்து முதல் பெட்டிக்கு வருகிற கம்பி எவ்வளவு நீளம் என்றுதான் முதலில் கேட்டார். அவர் போட்ட காலத்தில் கேமரா தியேட்டரின் அந்தக் கோடியில் நின்றது, நீளக் கம்பி. புதுப்பித்தபோது கேமராவைச் சுவர்ப் பக்கம் கொண்டுவந்து கம்பியை வெட்டிக் குறைத்துவிட்டார்கள் என்றேன். உடனே அவர், சிவதாணுவும் கேட்கட்டும், ஸ்பீக்கரில் போடு என்றார்.

"ஸ்டெல்லா, நான் வச்சது அன்னைக்குள்ள கம்பிக்கு. கம்பிய வெட்டியாச்சுல்லா? பின்ன என்னத்துக்கு அத அப்படியே வச்சிருக்கியோ? அண்ணே, நான் வச்ச திருகு ஒண்ணும் சாமி இல்ல. நீங்க வச்ச பொட்டு சாமிக்குள்ளது. அத நீங்களே எடுங்கோ, வேல முடிஞ்சதும் திருகு இல்லாத பக்கமா நீங்களே வையுங்கோ."

சிவதாணு போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு துணியை நனைத்து, காய்ந்த சந்தனத்தை ஊறவைத்து, குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி மெதுவாகத் துடைத்தெடுத்தார். அடியில் திருகு தெரிந்தது. முழு உச்சியில் நின்றது. குறைத்துவிட்ட கம்பிக்கு அவ்வளவு தேவையே இல்லை, காட்டரியின் இரைச்சலைத்தான் அது தூக்கிக்கொண்டிருந்தது.

நான் அதைக் குறைத்தேன். பிள்ளைகளே, கூட்டுவதற்குத் தைரியம் வேண்டாம். படம் தேவைப்படுகிற நாளில், ஆட்கள் சுற்றி நின்று பார்க்கும்போது, குறைப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். ஒவ்வொரு படியாகக் குறைத்து, மாடிப்படிப் பெட்டியையும் கூட்ட அறைப் பெட்டியையும் அதற்கேற்ற மாதிரி இறக்கினேன். பிறகு தண்டைச் சுடச் சொன்னேன். புகை வந்தது. படம் அசையவில்லை. மறுபடி சுடச் சொன்னேன். அசையவில்லை. சிவதாணு மறுபடி கையைத் தட்டினார்.

நான் அதோடு விடவில்லை. சரியாகிவிட்டது என்பது வேறு, எவ்வளவு சரியாக இருக்கிறது என்று தெரிவது வேறு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படி கூட்டி வைத்துச் சுடச் சொன்னேன், படம் நின்றது. ஒரு படி குறைத்து வைத்துச் சுடச் சொன்னேன், அப்போதும் நின்றது. அப்படியானால் நாம் வரப்பின் ஓரத்தில் நிற்கவில்லை, நடுவில் நிற்கிறோம். யாராவது தோளில் இடித்தாலும் வயலுக்குள் விழமாட்டோம். பாதித் தண்டு தீர்ந்துபோய் மீதிப் பாதியையும் கான்டீனிலிருந்து எடுத்துவந்தார்கள். அன்றைக்கு அங்கே சாப்பிட்டவர்களுக்குப் பொரியல் கிடையாது.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். இளம் டாக்டரும் கூட இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நம்பலாமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். காட்டரியால் இனி படம் போகாது, அதன் காரணம் எனக்குத் தெரியும், சோதித்தும் பார்த்துவிட்டேன். வேறு காரணத்தால் போகுமா என்றால், கம்பி என்று இருந்தால் எதுவும் நடக்கலாம். அப்படிப் போனால் உங்களுக்குப் படம் இல்லை என்பது உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவருடைய திரை நன்றாகவே இருக்கும். அதனால் உங்கள் திரை கறுத்த அந்த நொடியே நீங்கள் போனில் சொல்லிவிட வேண்டும், அவர் கையை எடுத்துவிட வேண்டும் என்றேன். டாக்டரம்மா இளம் டாக்டரைப் பார்த்தார். கேட்டியா மக்கா என்றார். அவர் தலையாட்டினார்.

மதியம் தங்கம்மையை உள்ளே கொண்டுபோனார்கள். தியேட்டரைக் கழுவித் துடைத்த பிறகும் சுட்ட வாழைத்தண்டு வாசம் போகவில்லை என்று நர்ஸ் பிறகு சொன்னாள். நான் கூட்ட அறையின் மூலையில், மூன்றாவது பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. வராந்தாவில் அந்தப் பெண் நிற்பது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

வயிற்றுக்குள் எல்லாம் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா மட்டும் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இளம் டாக்டர் காட்டரியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டு ஒதுக்கிக்கொண்டு போனார். திரையில் புகை எழுந்து எழுந்து அடங்கியது. பிறகு ஒரு குழாய் மாதிரி ஒன்று தெரிந்தது. பித்தப்பையை எடுக்க வேண்டுமானால் அதன் குழாயில் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகிற பெரிய குழாய் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் அந்த ஆள் ஆயுசு முழுக்கக் கஷ்டப்பட வேண்டும். இதெல்லாம் டாக்டரம்மா எனக்குப் பிறகு சொன்னது. அப்போது நான் பார்த்தது, அந்தக் குழாயின் ஓரத்தைச் சுட்டுச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்த ஒரு கருவியையும் குழாயைப் பிடிக்க நெருங்கிவந்த இன்னொன்றையும்தான்.

"நில்லு," என்றார் டாக்டரம்மா.

கருவி நின்றது.

"அது இல்ல. கைய எடு. காட்டரிலேருந்து காலையும் எடு."

மிதி அழுத்தப்பட்டிருந்த நேரத்தில்தான் அவர் அதைப் பார்த்திருக்கிறார். காலையில் இருந்த செட்டிங்கில் அந்த நொடியில் அவர் முன்னால் வெறும் கறுப்புதான் இருந்திருக்கும்.

பிறகு நெடுநேரம் அவர் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் இடது பக்கம் ஒதுக்கு, மேலே தூக்கு, இன்னும் மேலே, பின்பக்கம் காட்டு. கடைசியில் ஒட்டிக்கிடந்த இடத்துக்கு அடியிலிருந்து வேறொரு மெல்லிய குழாய் வெளியே வந்தது. இதுதான், போடு கிளிப்பை என்றார். இளம் டாக்டர் போட்டார், வெட்டினார். ஆபரேஷன் முடியும் வரை கேபிளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை.

தங்கம்மை நல்லபடியாகத் தேறி மறுபடி சமையலுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைத்தது அதற்கு முன்னால் நடந்தது. ஆபரேஷன் முடிந்ததும் இளம் டாக்டர் தலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராகக் கூட்ட அறைக்கு வந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, ஆனாலும் டாக்டரம்மாவின் மாவுக்கட்டுக் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நான் ஸ்டூலில் இருந்தபடியே வேறு பக்கம் பார்க்க முயன்றேன், முடியவில்லை, நானும் அழுதுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா குனிந்து அவர் தலையில் கையை வைத்தார்.

"சாரமில்ல மக்கா, அழாத," என்றார். "பாத்துட்டோம்லா."